கிள்ளான் லிட்டல் இந்தியா: நம் தோட்டத்து மக்கள் வளர்த்த கடைத்தெரு



பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் பெற்றோர் சிலர், "பிள்ளைகளை எங்கே அழைத்துப் போகலாம், சார்?" என்று கேட்பது வழக்கம். கோலசிலாங்கூர் வட்டாரத்தில் இருக்கும் நமக்கு இடங்களுக்குக் குறைவில்லை. புக்கிட் மலாவாத்தியில் பீரங்கிகளும் 1907ஆம் ஆண்டின் கலங்கரை விளக்கமும் இருக்கின்றன. கம்போங் குவாந்தானில் மின்மினிப் பூச்சிகள் இருக்கின்றன. பாசிர் பெனாம்பாங்கில் மீனும் இறாலும் கிடைக்கும். இவை எல்லாம் பார்க்க வேண்டிய இடங்களே.

ஆயினும் நான் சொல்லும் விடை சிலருக்கு வியப்பாக இருக்கும். "கிள்ளானுக்கு அழைத்துச் செல்லுங்கள். தெங்கு கிளானா சாலைக்கு அழைத்துச் செல்லுங்கள்" என்பேன். "அங்கேதான் ஒவ்வொரு தீபாவளிக்கும் போகிறோமே!" என்பார்கள். உண்மைதான். போகிறோம், துணி எடுக்கிறோம், சாப்பிடுகிறோம், வாகன நெரிசலைத் திட்டிக்கொண்டே வீடு திரும்புகிறோம். அத்தெரு எப்படி வந்தது, யாருடைய காசில் வளர்ந்தது என்று நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

ஆறு, இரயில், துறைமுகம்

கிள்ளான் பழைய ஊர். ஈயத்தால் பெயர்பெற்ற ஊர். 1857இல் இராஜா அப்துல்லா இங்கிருந்துதான் 87 சீனத் தொழிலாளரை ஆற்றின் வழியே அம்பாங் பகுதிக்கு ஈயம் தோண்ட அனுப்பினார். கோலாலம்பூரின் தோற்றம் அந்தப் பயணத்தோடு தொடர்புடையது. அதே ஆண்டில் அவர் கட்டிய பண்டகசாலை இன்றும் ஆற்றங்கரையை ஒட்டி நிற்கிறது. ஈய வருவாய்க்காக 1867இல் மூண்ட உள்நாட்டுப் போரில் இராஜா மகாடி அமைத்த கோட்டையின் நுழைவாயிலையும் நகருக்குள்ளேயே காணலாம். 1880இல் மாநிலத் தலைநகர் கோலாலம்பூருக்கு மாறியது. அதன்பின் கிள்ளானின் முக்கியத்துவம் குறைந்திருக்க வேண்டும். இரயிலும் துறைமுகமும் அதைக் காப்பாற்றின.

1886இல் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை இரயில் பாதை போடப்பட்டது. 1890இல் பாதை ஆற்றைக் கடந்து கிள்ளான் நகரை அடைந்தது. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்று நாம் போர்ட் கிள்ளான் என்று அழைப்பது அதுதான். திறந்த சில மாதங்களிலேயே மலேரியாக் காய்ச்சல் அங்கே பலரைப் பலிகொண்டது. மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் சதுப்பு நிலங்களை வடிகால் வெட்டி உலர்த்திக் காய்ச்சலைக் கட்டுப்படுத்தினார். அதன் பிறகே துறைமுகமும் நகரமும் நிலைபெற்றன.

நம் முன்னோரில் மிகப் பலர் சிலாங்கூர் மண்ணில் முதலில் கால் வைத்தது அத்துறைமுகத்தில்தான். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏறி, பினாங்கில் நின்று, பின் இங்கே இறங்கினார்கள். 1926 முதல் 1973 வரை ஓடிய 'ரஜுலா' கப்பலின் பெயரை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிப் பாருங்கள். ஏதாவது ஒரு கதை கட்டாயம் வரும். கப்பலிலிருந்து இறங்கியவர்களைத் தொற்றுநோய்த் தடுப்பு முகாமில் சில நாள் வைத்திருந்து, பின் தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். அவ்வாறு வந்தவர்களுக்குக் கிள்ளான்தான் முதல் நகரம்.

தோட்டங்கள் சூழ்ந்த நகரம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிள்ளான், கோல லங்காட், கோலசிலாங்கூர் ஆகிய மூன்று மாவட்டங்களும் கித்தா மரங்களால் நிறைந்தன. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுக்கு வந்தது. கங்காணிகள் ஊர் ஊராகச் சென்று ஆள் சேர்த்தது 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை தொடர்ந்தது.

நம் மாவட்டத்தின் பங்கு இதில் சிறியதன்று. ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நம் ரந்தாவ் பாஞ்சாங் பகுதியில் தோட்டம் அமைத்தார். 1917இல் அவர் பத்தாங் பெர்ஜுந்தையில், அதாவது இன்றைய பெஸ்தாரி ஜெயாவில், செம்பனை பயிரிட்டார். இந்நாட்டில் வாணிக நோக்கில் செம்பனை நடப்பட்ட முதல் தோட்டம் அதுவே. அதன் பெயர் 'தென்னமரம்'. ஆம், நம் தமிழ்ச் சொல்தான்! உலகச் செம்பனை வரலாற்று நூல்களில் எல்லாம் அந்தத் தமிழ்ப் பெயர் இடம்பெற்றிருக்கிறது. அதே ஃபோக்கோனியே பின்னாளில் இந்நாட்டைப் பற்றி எழுதிய புதினம் 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. நம் மாணவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சம்பள நாள்

தோட்டத்தில் அன்றாடத் தேவைக்குத் தோட்டக் கடை இருந்தது. அரிசி, பருப்பு, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாம் கடன் புத்தகத்தில் ஏறும். சம்பளம் போட்டதும் அக்கடன் கழியும். கையில் மிஞ்சுவது சொற்பம். அந்தச் சொற்பத்தோடுதான் மக்கள் நகரத்திற்கு வந்தார்கள்.

தோட்டக் கடையில் கிடைக்காதவை பல. தாலிக்குப் பொன், பிள்ளைக்குக் காதணி, கல்யாணப் புடவை, பித்தளைக் குத்துவிளக்கு, திருவிழாவுக்கு மாலை, சாமி படம், பஞ்சாங்கம், ஊருக்குப் பணம் அனுப்ப ஆள் என எதற்கும் நகரம்தான் வழி. வங்கியில் கணக்கு வைக்கும் பழக்கம் இல்லாத காலத்தில் நகைக்கடையே ஏழையின் சேமிப்பு நிலையம். நல்ல மாதத்தில் ஒரு மோதிரம் வாங்குவார்கள். கெட்ட மாதத்தில் அது அடகுக் கடைக்குப் போகும். கொடுக்கல் வாங்கலில் தேர்ந்த நகரத்தார்களும், துணியும் மளிகையும் விற்ற தமிழ் முஸ்லிம் வணிகர்களும், பொற்கொல்லர்களும், பூக்கட்டுவோரும் இந்த நகரத்தில் நிலைத்தது இதனால்தான். வாடிக்கையாளர் யார்? நாளுக்குச் சில காசுகள் கூலி பெற்ற தோட்டத் தொழிலாளி. பெருஞ்செல்வர் யாரும் இந்தத் தெருவை உருவாக்கவில்லை. ஒவ்வொரு சம்பள நாளிலும் வந்து போன ஆயிரக்கணக்கான சிறு கைகளே இதை வளர்த்தன. பிள்ளைகளுக்கு நாம் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்.

கோலசிலாங்கூர், ஜெராம், காப்பார் பக்கத்திலிருந்து வருவோர் வடகிள்ளானை அடைந்து, ஆற்றைக் கடந்து தெற்கே வரவேண்டும். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் கட்டப்பட்ட கோத்தா பாலம் இரண்டு தளங்கள் உடையது. மேல் தளம் வாகனங்களுக்கும், கீழ்த் தளம் நடப்போருக்கும் மிதிவண்டிகளுக்கும் என அமைக்கப்பட்டது. தொழிலாளிக்குத் தனி வழி ஒதுக்கிய பாலம் என்று மாணவர்களுக்கு நான் விளக்குவதுண்டு.

தெருவில் நடப்போம்

காரில் சென்று கடை வாசலில் இறங்காதீர்கள். கிள்ளான் இரயில் நிலையத்திலிருந்து நடக்கத் தொடங்குங்கள். அருகிலேயே வெண்ணிறக் கட்டடம் ஒன்று தெரியும். 1909இல் கட்டப்பட்டது. கோலாலம்பூர் இரயில் நிலையத்தை வரைந்த ஹப்பக் என்ற கட்டடக் கலைஞரே இதையும் வரைந்தார். ஆங்கிலேயர் காலத்து நிருவாக அலுவலகமாக இருந்த இது, 2007 முதல் சுல்தான் அப்துல் அசிஸ் அரச காட்சியகமாக விளங்குகிறது. கூலிச் சட்டங்களையும் நிலப் பட்டாக்களையும் கையாண்ட அதிகாரம் இப்படிப்பட்ட கட்டடங்களில்தான் இருந்தது. இதைப் பார்த்துவிட்டுத் தெருவுக்குள் போனால், அதிகாரத்தின் இடம் எது, மக்களின் இடம் எது என்பது பிள்ளைக்குத் தானே விளங்கும்.

தெங்கு கிளானா சாலையில் நடந்தால் தேவாலயம் ஒன்றைக் காணலாம். 1928இல் எழுந்த லூர்து மாதா தேவாலயம் அது. தமிழ்க் கத்தோலிக்கர் பல தலைமுறைகளாக வழிபடும் இடம். இப்பகுதியிலேயே நகரத்தாரின் தண்டாயுதபாணி கோயிலும் இந்திய முஸ்லிம்களின் பள்ளிவாசலும் உள்ளன. சற்றுத் தள்ளிச் சென்றால் 1890களில் தொடங்கப்பட்ட சுந்தரராஜப் பெருமாள் கோயில். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அங்கே கால் வைக்க இடமிருக்காது. ஒரே நடையில் மூன்று சமயத்துத் தமிழரையும் காட்டும் தெரு இது. தமிழர் என்றால் ஒரே சமயம் என்று எண்ணும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் வேறில்லை.

கடைகளுக்கு வருவோம். மல்லிகை, செவ்வந்தி, தாமரை கட்டும் கைகளின் வேகத்தைப் பிள்ளைகள் நின்று பார்க்கட்டும். நகைக்கடைக் கண்ணாடிக்குள் இருப்பவற்றின் தமிழ்ப் பெயர்களைக் கேளுங்கள்: ஒட்டியாணம், அட்டிகை, சிமிக்கி, கொலுசு. பாத்திரக் கடையில் அண்டா, குண்டா, செம்பு, சொம்பு என்று நீளும் பட்டியலைப் பிள்ளைகள் ஏட்டில் எழுதட்டும். பாடநூலில் இல்லாத சொற்கள் ஐம்பதாவது கிடைக்கும்.

இலையில் உள்ள வரலாறு

சாப்பிடாமல் திரும்பும் பேச்சே இல்லை. காலையில் போனால் தோசை, இட்லி, இடியாப்பம். நண்பகலில் வாழை இலைச் சாப்பாடு. மாலையில் வடை, முறுக்கு, சுண்டல். குடிக்கத் தே தாரேக். நாவுக்கு விருந்தாகும் இவற்றில் வரலாறும் உண்டு.

இடியாப்பத்தையே எடுத்துக்கொள்வோம். மலாய் அன்பர்கள் அதைப் 'புத்து மாயாம்' என்று அழைத்து, தேங்காய்ப்பூவும் பனை வெல்லச் சர்க்கரையும் சேர்த்து உண்கிறார்கள். நம் உணவு அவர்கள் வீட்டிலும் குடியேறிவிட்டது. மீ கோரேங்கைப் பாருங்கள். மஞ்சள் மீ சீனருடையது. மசாலை தமிழ் முஸ்லிம் சமையல்காரருடையது. சம்பால் மலாய்க்காரருடையது. தமிழ்நாட்டு ஊர்களில் தலைமுறை தலைமுறையாகச் சமைத்த பண்டம் அன்று அது. இந்த மண்ணில் பிறந்தது.

குடியேறிய மக்கள் எங்கும் இப்படித்தான் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவுக்குப் போன இத்தாலியர் உருவாக்கிய இறைச்சி உருண்டை போட்ட ஸ்பகெட்டியை இன்று உலகமே இத்தாலிய உணவு என்கிறது. அது இத்தாலியில் வழங்கிய பண்டமன்று. தாய்நாட்டில் ஏழைக்கு எட்டாத இறைச்சி புது நாட்டில் மலிவாகக் கிடைத்ததால் பிறந்தது. நம் தோட்டத்து மக்களும் கிடைத்ததைக் கொண்டு சமைத்தவர்களே. உணவு மாறியதால் அவர்கள் தமிழரல்லாதவர் ஆகிவிடவில்லை.

மிதிவண்டியும் மானமும்

இனி, சற்றுக் கடினமான பகுதி. பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்ல வேண்டிய பகுதியும் இதுவே.

1941ஆம் ஆண்டில் இந்தக் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் முன்னின்றது. அதை வழிநடத்தியவர்களில் முதன்மையானவர் ஆர்.எச். நாதன். அவர் 'தமிழ் நேசன்' நாளேட்டின் துணையாசிரியர். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன அதே நேசன்தான்.

தொழிலாளர் என்ன கேட்டார்கள்? சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி கேட்டார்கள். மருத்துவ வசதி கேட்டார்கள். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்தச் சொன்னார்கள். சங்கம் அமைக்கும் உரிமை கேட்டார்கள். பிள்ளைகளுக்கு முறையான கல்வி கேட்டார்கள். இதை ஆசிரியர்கள் அடிக்கோடிட்டுக்கொள்ள வேண்டும். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. சட்டத்தில் இருந்த பள்ளி பெயரளவில் மட்டும் இருந்தால் போதாது என்று பால் வெட்டிய தாய் தந்தையரும் கேட்டார்கள்.

இன்னொரு கோரிக்கையும் இருந்தது. தோட்டத்துச் சாலையில் துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும். அப்படி இறங்க மாட்டோம் என்றார்கள்.

வகுப்பில் இதைச் சொன்னபோது நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுந்து, "ஏன் சார் எறங்கணும்? அது அவுங்க சைக்கிளா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அந்தத் தொழிலாளர் அனைவரும் கேட்ட கேள்வியை அவன் ஆறே சொற்களில் கேட்டுவிட்டான். சொந்தக் காசில் வாங்கிய வண்டி, சொந்தக் கால்கள். இறங்க வேண்டும் என்பது கூலியைப் பற்றிய சிக்கலன்று. மானத்தைப் பற்றியது.

1941 மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். தொழிலாளர் கொதித்தெழுந்தனர். போராட்டம் சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவியது. மே நடுப்பகுதியில் சிலாங்கூரில் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. படை வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் குறைந்தது ஐவர் மாண்டனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அதே ஆண்டு டிசம்பரில் சப்பானியர் படையெடுத்தனர். பின் தோட்டத்துத் தமிழர் ஆயிரமாயிரமாகச் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அந்தப் பெருந்துயரில் 1941ஆம் ஆண்டின் ஐவரும் மறக்கப்பட்டனர்.

தோட்டத்தில் இறங்கி நிற்க வேண்டியிருந்த மனிதன் கிள்ளான் கடைத்தெருவில் இறங்க வேண்டியதில்லை. இங்கே அவன் வாடிக்கையாளன். கடைக்காரர் "வாங்க" என்று அழைப்பார். மாதத்தில் ஒரு நாளாவது நிமிர்ந்து நடந்த இடம் என்பதால்தான் பழைய தோட்டத்து மக்களுக்கு இந்நகரின்மேல் இத்தனை பற்று என்று நான் எண்ணுவதுண்டு.

தோட்டம் போனது, தெரு நிற்கிறது

இன்று அந்தத் தோட்டங்கள் எங்கே? 1950களில் தொடங்கி வெள்ளையர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. தொழிலாளர் வீதிக்கு வந்துவிடக் கூடாது என்று துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கினார்கள். பின்னர் கித்தா மரங்கள் விழுந்து செம்பனை எழுந்தது. செம்பனையும் விழுந்து வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. கிள்ளானை ஒட்டிய புக்கிட் ராஜா தோட்டம் இன்று ஒரு நகரியம். எல்மினா தோட்டமும் அப்படியே. 1957இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530க்கும் குறைவு. லயங்கள் போயின, கோயில்கள் இடம் மாறின, பள்ளிகள் பெயரில் மட்டும் தோட்டத்தைச் சுமக்கின்றன.

நியூயார்க் நகரின் 'லிட்டில் இத்தாலி' நமக்கு ஓர் எச்சரிக்கை. மல்பெரி தெருவை ஒட்டிய அப்பகுதியில் ஒரு காலத்தில் ஏழை இத்தாலியக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்தன. 1926 முதல் அங்கே சான் ஜெனாரோ திருவிழா நடக்கிறது. இன்றும் கூட்டம் வருகிறது, உணவகங்கள் நிறைகின்றன. ஆனால் இத்தாலியக் குடும்பங்கள் பெரும்பாலும் வேறு இடங்களுக்குப் போய்விட்டன. பெயரும் பண்டமும் நிற்கின்றன, மக்கள் இல்லை.

நம் தெரு அந்நிலையில் இல்லை. கிள்ளானைச் சுற்றித் தமிழர் இன்னும் பெருந்தொகையாக வாழ்கின்றனர். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் அங்கே நடந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஆனால் அங்கே வருகின்ற பிள்ளைக்கு அது வெறும் பொருள் வாங்கும் இடம் என்றால், நாமும் பெயரையும் பண்டத்தையும் மட்டுமே காப்பாற்றியவர்கள் ஆவோம்.

பிள்ளைகளோடு செல்வோருக்குச் சில குறிப்புகள்

1. தீபாவளிக் கூட்டத்தில் வேண்டாம். சாதாரண நாளில், காலையிலேயே செல்லுங்கள். கடைக்காரர்களுக்குப் பேச நேரம் இருக்கும்.

2. கூடுமானால் தாத்தா பாட்டியை அழைத்துச் செல்லுங்கள். முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள், எப்படி வந்தீர்கள், எங்கே சாப்பிட்டீர்கள் என்று பிள்ளைகள் கேட்கட்டும். விடைகளைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். தோட்டத்தின் பெயர், ஆண்டு, பேசியவர் பெயர் மூன்றையும் குறித்து வையுங்கள்.

3. ஆசிரியர்கள் மாணவர்களுக்கு மூன்று சிறு பணிகள் கொடுக்கலாம்: பழைய கடை ஒன்றின் முகப்பை வரைதல், இருபது பொருள்களின் தமிழ்ப் பெயரைத் தொகுத்தல், உண்ட உணவு ஒன்றின் வரலாற்றை வீட்டில் கேட்டு எழுதுதல்.

4. திரும்பும் வழியில், காப்பார் சாலையில் வரும்போது, முன்பு எங்கெங்கே தோட்டங்கள் இருந்தன என்று காட்டிக்கொண்டு வாருங்கள். அந்த ஒரு மணி நேரப் பயணமே ஒரு பாடம்.

5. 1941ஐப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். நாதனின் பெயரையும், மிதிவண்டிக் கோரிக்கையையும், பள்ளிக்கூடக் கோரிக்கையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நம் பிள்ளைகள் இன்று அமர்ந்திருக்கும் வகுப்பறையை வேண்டுமென்று கேட்டவர்கள் அந்தத் தெருவில் நடந்து போனவர்கள். அடுத்த முறை புடவையும் பலகாரமும் வாங்கப் போகும்போது பத்து நிமிடம் ஒதுக்கி இதையும் சொல்லிவிட்டு வாருங்கள். போய்வந்த அனுபவத்தை எனக்கும் எழுதுங்கள். உங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லும் கிள்ளான் கதைகளை அறிய ஆவலாக இருக்கிறேன்.